கடைசித் தையல்

1870 பிப்ரவரி 7, சென்னைப்பட்டணம்

மறுபடியும் இந்தக் கிழவியிடமே வந்து சேர்ந்துவிட்டேன். கிழவி என்றது கப்பலை. 'புளோரா டன்' என்று பின்புறம் பொன்னெழுத்தில் இருந்தது ஒரு காலம். பொன் உதிர்ந்து இப்போது மஞ்சள் வர்ணம். நம் ஆட்கள் புளோராத்தா என்பார்கள். கப்பலின் முகப்பில் மரத்தில் செதுக்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் பூவோடு நிற்கிறாள். அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். நான் கிறிஸ்து வேதக்காரன், கும்பிடுவதில்லை. ஆனாலும் அவளை ஒரு பார்வை பார்க்காமல் ஏறியதும் இல்லை.

நான் தரங்கம்பாடி ஈசாக்கு, இந்தக் கப்பலின் பாய்த் தையற்காரன். அன்றன்று செய்ததை எழுதி வை, கர்த்தருக்கு முன் நிற்கும்போது தடுமாற மாட்டாய் என்று மிஷன் பள்ளியில் உபதேசியார் பழக்கிவிட்டார். தடுமாறுகிறேனோ இல்லையோ, எழுதும் பழக்கம் மட்டும் விடவில்லை.

இந்தமுறை என்னோடு தீத்துவும் ஏறியிருக்கிறான். என் தங்கை எஸ்தரைக் கட்டியவன். கடற்கரையில் பிறந்தும் கட்டுமரம் ஏறத் தெரியாதவன். தச்சு வேலை செய்து கொண்டிருந்தான். வேலை நின்றுபோய்க் கப்பலுக்கு வந்துவிட்டான். எஸ்தருக்கு வயிற்றில் முதல் பிள்ளை. புறப்படும்போது அவள் அழவில்லை, என்னை முறைத்தாள்.

"அண்ணே, இவர எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ அப்படியே கொண்டாந்து விடணும். ஒரு விரல் கொறஞ்சாலும் ஒங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"போடி, மோரீசு என்ன மோட்சமா, திரும்பி வராம இருக்க?" என்றேன். வாக்கு வாக்குத்தான். இவனைத் திருப்பிக் கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்துகிற வரை எனக்குச் சோறு இறங்காது.

பிப்ரவரி 9

அரிசி மூட்டை ஏற்றுகிறார்கள். கரையிலிருந்து சரக்குக் கொண்டுவரும் மசூலாப் படகுகள் அலையில் எம்பி எம்பி வந்து மோதுகின்றன. கிழவி முனகுகிறாள்.

இவளுக்கு இது எத்தனையாவது பிழைப்போ! ஸ்காட்லாந்து தேசத்தில் பிறந்து, சீனத்துத் தேயிலையை மற்றவர்களுக்கு முன்னால் லண்டனில் கொண்டுபோய் இறக்கினவள். அப்போது இவள் பாய்களை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவார்களாம். பிறகு பொன் தேடிப் போனவர்களை ஆஸ்திரேலியாவுக்குச் சுமந்தாள். பிறகு நம் சனங்களைக் கரும்பு வெட்ட மோரீசுக்குச் சுமந்தாள். அதில்தான் நான் முதலில் ஏறினேன். அந்தப் பயணத்தில் வாந்திபேதியில் செத்தவர்களை, தைக்கக் கித்தான் துணி போதாமல் கோணியில் சுற்றிக் கடலில் விட்டோம். பிறகு சிட்னியிலிருந்து பட்டாளத்துக்குக் குதிரை. ஒரு புயலில் கால் ஒடிந்த குதிரைகளை உயிரோடு பக்கவாட்டில் தள்ளினார்கள். அவை கப்பலின் பின்னாலேயே நீந்தி வந்ததை நான் பார்த்தேன். இப்போது அரிசி. சூயஸில் கால்வாய் வெட்டித் திறந்துவிட்டார்கள், இனி எல்லாம் நீராவிக் கப்பல்தான் என்று பேச்சு. இவளுக்குப் புதிதாக ஒரு முழக் கயிறு வாங்கவும் முதலாளிக்கு மனம் வரவில்லை.

புதிய மேட் துரை வந்திருக்கிறான். கேப்டனுக்கு அடுத்தவன். டோர்ன் என்று பெயர். சிவந்த கழுத்து, வெளுத்த கண். ஏறியதும் சாரங்கு ஹமீது மரைக்காயரைக் கூப்பிட்டு, வந்த வேகம் போதாது என்று வயிற்றில் ஒரு குத்து விட்டான். சாரங்கு என்றால் எங்கள் எல்லோருக்கும் தலைவர், தாடி நரைத்தவர். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சலாம் வைத்தார்.

பிப்ரவரி 13, ஞாயிறு

நங்கூரம் எடுத்தோம். தீத்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான், கழுவித் துடைத்த மேல்தளத்தில். மேட் அவன் குடுமியைப் பிடித்து அதிலேயே முகத்தைத் தேய்த்தான். நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் ஊசி மூன்று பட்டை உள்ளது, நடுவிரல் நீளம்.

பிப்ரவரி 16

காற்று நல்ல காற்று. கிழிந்த பாயைத் தைத்தேன். கித்தானே இல்லை, ஒட்டின்மேல் ஒட்டுத்தான்.

இன்று மேட்டுக்கும் கேப்டனுக்கும் பெரிய சண்டை. நடுப் பாய்மரத்தின் மேலே தொங்கும் பெரிய கப்பியை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான் மேட். ஆள் தலை பருமன் இருக்கும் அந்தக் கப்பி, இரும்புப் பூண் போட்டது. அதைத் தாங்குகிற கயிறு நைந்துவிட்டது, எவன் தலையிலாவது விழுந்து கொல்லப்போகிறது, புதுக் கயிறு எங்கே என்று கத்தினான். கேப்டன் பெல்லாமி கிழவர், பிராந்தி வாசனையோடு அமைதியாகச் சொன்னார்: "மிஸ்டர் டோர்ன், கயிறு லண்டனில் இருக்கிறது, முதலாளியின் கிடங்கில். நீந்திப் போய் எடுத்து வாருங்கள்."

மேட் தொப்பியைத் தளத்தில் அடித்துவிட்டுப் போனான். போகிற வழியில் நின்ற தீத்துவுக்கு ஒரு உதை. கப்பிக்காக இத்தனை கரிசனம், மனுஷன் விலாவுக்கு இல்லை.

பிப்ரவரி 20, ஞாயிறு

தீத்துவின் முன்பல் இரண்டு போயிற்று.

பருமல்மேல் ஏறிப் பாயைச் சுருட்டச் சொன்னான் மேட். பருமல் என்பது பாயைக் கட்டும் குறுக்கு மரம். பாதி ஏறியவனுக்குக் கை உதறல் எடுத்து, கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். இறக்கிக் கொண்டுவந்தார்கள். கயிறு சுற்றுகிற கட்டை ஒன்றை உருவி, வாயிலேயே அடித்தான் மேட். கட்டை முழங்கை நீளம், தேக்கு. சத்தம் எனக்குக் கேட்டது.

நான்தான் உப்புத் தண்ணீரில் வாயைக் கழுவிவிட்டேன். உதடு கிழிந்த இடத்தில் இரண்டு தையல் போட்டேன், என்னிடம் இருந்த மெல்லிய ஊசியால். அவன் அலறவில்லை. எல்லாம் முடிந்தபிறகு ரத்தமும் எச்சிலுமாகப் பேசினான்.

"மச்சான், ஒருநா அவன் மண்டைய ஒடைக்காம நான் மோரீசு மண்ணுல கால் வைக்க மாட்டேன்."

"வாய மூடு மாப்ளே. தூக்குல போட்டுருவாங்க. எஸ்தர நெனச்சுக்க."

"நெனச்சதாலதான் இன்னும் ஒடைக்கல."

அன்று முதல் ஒரு கட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். பிடுங்கினேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டான். கப்பலில் அது விறகு மாதிரி எங்கும் கிடக்கிறது, எத்தனையைப் பிடுங்குவேன்?

பிப்ரவரி 23

வேலாயுதம் விழுந்து இறந்தான். நாகப்பட்டினத்துக்காரன், நன்றாக ஏறுகிறவன். பாய் உதறிய உதறலில் பருமலிலிருந்து தெறித்து மேல்தளத்தில் விழுந்தான். தலையைப் பற்றி எழுத வேண்டாம்.

தைக்கிற வேலை எனக்கு. பாய் தைக்கிறவன்தான் பிணமும் தைக்க வேண்டும், இது கப்பல் வழக்கம். காலடியில் இரும்புத்துண்டு வைத்து, கித்தானில் கிடத்தி, காலிலிருந்து தைத்துக்கொண்டு மேலே வரவேண்டும். கடைசித் தையல் மூக்குத் தண்டில், சதையோடு சேர்த்து. உயிர் மிச்சம் இருந்தால் ஊசி பட்டதும் கத்திவிடுவான், அல்லது ரத்தமாவது வரும் என்பதற்காக. எனக்கு முன் இங்கே தைத்துக்கொண்டிருந்த டல்லக் என்ற ஸ்காட்லாந்துக்காரன் அப்படித்தான் செய்வான். அவன் செத்தபோது அவன் மூக்கில் நான் போட்டேன். செத்தவன் மூக்கில் ரத்தம் வராது.

ஊசியை எடுத்ததும் வேலாயுதத்தின் ஊர்க்காரர்கள் என் கையைப் பிடித்தார்கள்.

"எரிக்கத்தான் குடுத்து வைக்கல. செத்த ஒடம்புல ஊசி வேற குத்துவியா நீ? நீயெல்லாம் மனுசனா?"

மேட் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றியிருந்தான். "மூக்கில் போடு" என்றான். அவன் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "வேறொரு கப்பலில் இதைப் போடாமல் ஒருவனைத் தண்ணீரில் விட்டார்கள். பலகையிலிருந்து சரியும்போது கித்தானுக்குள்ளே முழங்கால் மடங்கியது. நான் பார்த்தேன். என் கப்பலில் போடாமல் ஒருவனும் போகக்கூடாது."

பிடித்தவர்களை அவனே தள்ளிவிட்டான். நான் போட்டேன். தீத்து பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிப்ரவரி 26

வேலாயுதத்துக்கு நடந்ததால் ஆட்கள் மேலே ஏற மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். சாரங்கு கெஞ்சிப் பார்த்தார். மேட் வந்தான், பின்னால் கேப்டன் கைத்துப்பாக்கியோடு. ஒருவன் அரிவாள்மணையை எடுத்து வீசினான், மேட்டின் தோள் கிழிந்தது. பிறகு நடந்தது சண்டை இல்லை, அடி. வெள்ளைக்காரர்கள் நால்வர்தான், ஆனால் துப்பாக்கி இருந்தது. சமையல் கட்டின் கதவு நொறுங்கியது. சமையற்காரப் பண்டாரியின் முன்கை எலும்பு வெளியே தெரிந்தது. மேல்தளத்தில் சோறும் ரத்தமும் ஒன்றாக மிதிபட்டன.

யார் தூண்டியது என்று கேட்டான் மேட். தீத்துவின் தலைமாட்டில் கட்டை இருப்பதை யாரோ சொல்லிவிட்டார்கள். போதுமே.

அவனைக் கயிற்றேணியில் கை விரித்துக் கட்டி அடித்தார்கள். ஒன்பது வால் சாட்டை. எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டேன். இடையில் அவன் 'எஸ்தர்' என்று கூப்பிட்டது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. முடிந்ததும் ஒரு வாளி கடல் தண்ணீரை முதுகில் ஊற்றினார்கள். அப்போதுதான் பெருங்குரலாகக் கத்தினான்.

முதுகுக்கு எண்ணெய்த் துணி போட்டேன். சாரங்கு பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார்.

"ஈசாக்கு, ஒம் மாப்பிள்ளைய அடக்கி வையி. இந்தப் பயலுக்குக் கண்ணுல கொல தெரியிது. நான் எத்தினியோ பேரப் பாத்தவன் வாப்பா."

இன்று நான் முழங்காலில் நின்று ஜெபித்தேன். டோர்ன் சாக வேண்டும் என்று ஜெபித்தேன். கர்த்தருக்கு முன் தடுமாறாமல் இருக்கத்தானே எழுதுகிறேன், எழுதிவிட்டேன்.

மார்ச் 2

காற்று செத்துவிட்டது. கடல் எண்ணெய் போலக் கிடக்கிறது. தீத்து எழுந்து நடக்கிறான். மேட் கடக்கும்போது அவன் பின்தலையையே பார்க்கிறான். அவன் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 5

புயல். நேற்று மாலையிலிருந்து வானம் பித்தளை நிறமாக இருந்தது. இன்று மதியம் பிடித்துக்கொண்டது. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும். பின்னால் கேட்பார்கள்.

எல்லோரும் மேல்தளத்தில். அலை இடுப்பளவு ஓடியது. நான் முன்பக்கத்தில் கிழிந்த பாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேட் நடு மரத்தடியில் கத்திக்கொண்டிருந்தான். தீத்து அவனுக்குப் பக்கத்தில், கயிறு கட்ட. ஒரு பெரிய அலை எங்கள் நடுவே விழுந்தது. அது வடிந்தபோது மேட் மல்லாந்து கிடந்தான். தலையின் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. தீத்து அவன்மேல் குனிந்திருந்தான். ஒரு கையில் கட்டை. இன்னொரு கை முழுக்க ரத்தம்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. கட்டையைப் பிடுங்கிக் கடலில் எறிந்தேன்.

"மச்சான், இவன் என்ன..."

அவன் வாயை உள்ளங்கையால் பொத்தினேன்.

"பேசாத! நீ ஒண்ணும் பாக்கல. நீ இங்கயே இல்ல. எங்கிட்டக் கூட சொல்லாத மாப்ளே, கேட்டுக்க, எங்கிட்டக் கூட! நாளைக்கு என்னை பைபிள்மேல கை வைக்கச் சொல்வான். எனக்குத் தெரிஞ்சா நான் சொல்லணும். தெரியாம இருந்தா நீ பொழச்ச. எஸ்தர் வயித்துப் புள்ளைமேல ஆணை, இந்த சென்மத்துல இதப் பேசாத."

அவன் கண்கள் பெரிதாயின. என் கைக்குள்ளே ஏதோ சொல்லப் பார்த்தான். இன்னும் இறுக்கினேன். பிறகு தலையாட்டினான்.

நல்லவேளையாக நடு மரத்தின் பெரிய கப்பி அறுந்து தளத்தில் உருண்டுகொண்டிருந்தது. புயலில் எத்தனையோ அறுந்து விழுந்தன, இதுவும் ஒன்று. கடவுளாகப் பார்த்துக் கொடுத்த சாக்கு. கேப்டன் வந்ததும் அதைக் கைகாட்டினேன். "கப்பி சார். மேலேயிருந்து."

அவர் நிமிர்ந்து மேலே தொங்கிய கயிற்று நுனியைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று. மேட்டின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, மழைக்குள்ளே என்ன தெரிந்ததோ, உயிர் இல்லை என்று தலையை ஆட்டினார். உடலைத் தச்சன் அறையில் கொண்டுபோய்ப் போட்டோம். அலை இன்னும் அடங்கவில்லை.

மார்ச் 6, ஞாயிறு

விடிந்ததும் காற்று தணிந்தது. மேட்டைத் தைத்தேன்.

ஆட்கள் பிணத்தை வைத்துக்கொள்ளக்கூடாது என்றார்கள், கேப்டனும் சீக்கிரம் முடி என்றார். புதுக் கித்தான் கொடுத்தார். வேலாயுதத்துக்குக் கொடுக்காததை இவனுக்குக் கொடுத்தார். காலடியில் இரும்பு. காலிலிருந்து ஆரம்பித்தேன். முழங்கால், இடுப்பு, மார்பு. உடம்பு சில்லென்றுதான் இருந்தது. விறைக்கவில்லை. மழையில் நனைந்தது என்பதால் இருக்கலாம்.

தீத்து பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரே நின்றான். உதட்டில் என் தையல் இன்னும் இருந்தது. மேட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கேப்டன் ஜெபப் புத்தகத்தைத் திறந்து பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

மூக்குக்கு வந்தேன். ஊசி போட்டேன்.

ஒரு பொட்டு. சிவப்பு. கித்தான் புதிது, வெள்ளை வெளேரென்று இருந்தது, அதனால் நன்றாகத் தெரிந்தது. பிறகு இடது இமை. கப்பல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. கப்பல் ஆடினால் எல்லாம் ஆடும்.

கேப்டன் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் கேட்டார். "முடிந்ததா ஈசாக்கு? ஏதாவது...?"

நான் தீத்துவைப் பார்த்தேன். அவன் கழுத்தைப் பார்த்தேன்.

"ஒன்றுமில்லை சார்" என்றேன்.

நூலை இழுத்து முடிச்சுப் போட்டேன். மடிப்பை முகத்தின்மேல் போட்டு அதன்மேல் இன்னொரு வரிசை தைத்தேன், வழக்கத்தில் இல்லாத வரிசை. பலகையைச் சாய்த்தோம். நான் முழங்காலைப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு அவசியம் இல்லை.

ஊசியைக் கழுவினேன்.

மார்ச் 7

ஊசியைக் கடலில் போட்டுவிட்டேன். முனை மழுங்கிவிட்டது, அதனால்தான்.

மார்ச் 8

சோறு இறங்கவில்லை. சமையல் சரியில்லை. பண்டாரிக்குக் கை ஒடிந்திருக்கிறது, வேறு யாரோ சமைக்கிறார்கள்.

மார்ச் 11

தீத்து இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மச்சான், ஒண்ணு சொல்லணும்" என்றான். எழுந்து போய்விட்டேன். பின்னாலேயே வந்தான். திரும்பி ஒரு அறை விட்டேன், தையல் போட்ட உதட்டிலேயே. எனக்கே திக்கென்றது. என் வாழ்நாளில் இவன்மேல் கை வைத்ததில்லை.

"புள்ளைமேல ஆணை போட்டிருக்கேன், மறந்துட்டியா?"

அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டு போனான்.

மார்ச் 19, மோரீசு, போர்ட் லூயி

துறைமுக அதிகாரி விசாரித்தார். பைபிளைக் கொடுத்தார்கள். கருப்புத் தோல் அட்டை, ஈரமாக இருந்தது, எனக்கு முன்னால் எத்தனை பேர் கை வைத்தார்களோ! பார்த்ததைச் சொன்னேன். அலை வந்தது. அலை வடிந்தபோது மேட் கிடந்தார். பக்கத்தில் கப்பி கிடந்தது. அடித்ததை நான் பார்க்கவில்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தீத்துவிடம் எதையும் கேட்டு வைக்காதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

வழக்கப்படி தைத்தாயா என்று கேட்டார். வழக்கப்படி தைத்தேன் என்றேன்.

கேப்டன், கயிறு நைந்திருந்ததை மேட் முன்பே சொன்னார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது அழுதார். பிராந்தி அழுகை.

ஆகஸ்ட் 14, தரங்கம்பாடி

தீத்துவைக் கொண்டுவந்து எஸ்தரின் முன்னால் நிறுத்தினேன். பல் இரண்டு குறைவு, விரல் குறையவில்லை. அவள் பல்லைப் பார்த்து அழுதாள், பிறகு சிரித்தாள். தொட்டிலில் ஆண் பிள்ளை. நான் திருப்தியாகச் சாப்பிட்டேன். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

1873 நவம்பர் 2

புளோரா டன்னை விற்றுவிட்டார்களாம். ரங்கூன் மரம் ஏற்றுகிறாளாம். நான் போகவில்லை. தைக்க உட்கார்ந்தால் கண் பூத்துப் போகிறது என்று சொல்லிவிட்டேன். கடைத்தெருவில் மூட்டைக்குக் கோணி தைக்கிறேன்.

1884 பிப்ரவரி 10, கொழும்பு

எஸ்தரும் தீத்துவும் கொழும்புக்கு வந்து ஆறேழு வருஷமாகிறது. தீத்து துறைமுகத்தில் கரி ஏற்றுகிறவர்களுக்குத் தண்டல், கூலிகளை மேய்க்கிற வேலை. கடைக்குட்டி லிதியாளுக்கு நாளைக்குக் காதும் மூக்கும் குத்துகிறார்கள். தாய்மாமன் மடி வேண்டுமே, அதற்காகக் கூப்பிட்டார்கள், வந்தேன். பாதிரியார் நகையெல்லாம் கூடாது என்பார். எஸ்தர் யார் சொல்லித்தான் கேட்டாள்?

காலையில் தீத்து என்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனான். "வாங்க மச்சான், ஒங்க பழைய ஆளு ஒருத்தியக் காட்டுறேன்."

கிழவி நின்றுகொண்டிருந்தாள். மரம் மூன்றும் வெட்டி எடுத்துவிட்டார்கள். பாய் இல்லை, கயிறு இல்லை. வயிறு நிறையக் கரி. நீராவிக் கப்பல்கள் வந்து இவளிடம் கரி வாங்கிக்கொண்டு போகின்றன. முகப்பில் அந்தப் பெண் கரி பிடித்துக் கன்னங்கரேலென்று இருக்கிறாள். பூப் பிடித்த கை இல்லை. கரிக் கூலிகள் அவளுக்குக் கும்பிடு போட்டுத்தான் ஏறுகிறார்கள்.

நடு மரம் இருந்த இடத்தில் பலகை அடித்து மூடியிருக்கிறது. தீத்து அதன்மேல் நின்றான். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசினான்.

"இங்கதான். ஆணை போட்டீங்க, பதினாலு வருசமா எஸ்தருகிட்டக் கூட நான் வாய் தொறக்கல. இனிமே யாரு தூக்குல போடப்போறா? சொல்லிடுறேன் மச்சான், நெஞ்சுல கல்லு மாதிரி கெடக்கு."

"வேணாம்" என்றேன்.

"நான் அடிச்சதா நெனச்சீங்க. தெரியும். நான் அடிக்கல மச்சான்."

நான் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். பிடிக்க அங்கே கயிறு இல்லை.

"அடிக்கத்தான் நெனச்சேன். கயிறு சுத்துற கட்டைய உருவிட்டேன், ஓங்கவும் ஓங்கிட்டேன். அவன் திரும்பிப் பாத்தான். கட்டையப் பாக்கல, எந் தலைக்கு மேல பாத்தான். நெஞ்சுல கைய வெச்சு ஒரு தள்ளு தள்ளுனான் பாருங்க, நான் அந்தப் பக்கம் போய் விழுந்தேன். நான் நின்ன எடத்துல அவன் நின்னான். கப்பி அவன் தலையில எறங்கிருச்சு. ஓடிப்போயி தூக்குனேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

"ஏண்டா சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா? வாயப் பொத்துனீங்க. அப்பறம் சொல்ல வந்தேன், அறஞ்சீங்க." அவன் சிரித்தான், பல் போன இடம் தெரிய. "கெட்ட பய மச்சான் அவன். முதுகு இன்னும் மழைக்கு வலிக்கிது. ஆனா அன்னிக்கி அவன் தள்ளலன்னா லிதியா ஏது? தைக்கும்போது மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். கண்ணு தொறந்துச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு."

கரிக்கூடை தூக்குகிறவர்கள் வழி கேட்டுக் கத்தினார்கள். நாங்கள் ஓரமாக நின்றோம்.

"ஆமா, விழுந்த ஒடனே உசுரு போயிருச்சுல்ல மச்சான்? கஷ்டப்படலல்ல?"

"ஒடனே போயிருச்சு" என்றேன்.

பிப்ரவரி 11

லிதியாளை மடியில் வைத்துக்கொண்டேன். ஏழு வயசுப் பிள்ளை, கோழிக்குஞ்சு மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. காது இரண்டுக்கும் பேசாமல் இருந்தாள். ஆசாரி மூக்குக்கு ஊசியைக் கொண்டுவந்ததும் என் கைக்குள் முகத்தைப் புதைக்கப் பார்த்தாள். "பிடிங்க, தாய்மாமன் நல்லா பிடிங்க" என்றார் ஆசாரி. பிடித்தேன். ஊசி போயிற்று. பிள்ளை வீரிட்டது. ஒரு பொட்டு ரத்தம் என் வேட்டியில் விழுந்தது. புது வேட்டி, வெள்ளை.

"என்னாண்ணே இது, புள்ளைய விட நீங்க நடுங்குறீங்க? ஒரு சொட்டு ரத்தந்தானே" என்றாள் எஸ்தர்.

டோர்னுக்கும் அவ்வளவுதான் வந்தது. அவன் உயிரோடு இருந்தான். நான் பார்த்தேன், முடிச்சுப் போட்டேன்.

பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள். அழட்டும்.